ராணுவத்தின் பழைய வண்டிகளை மொத்தமாக மாற்றிவிடலாமா?

கேள்வி – தண்டையார்பேட்டை
வணக்கம். அப்பா எண்ணூர் அசோக் லேலண்டில் வேலை பார்த்தவர். ராணுவத்தின் ஸ்டாலியன் லாரிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அவர் முகம் மலரும். டி-72 டாங்கிகள் நம் படைக்கு வந்து 40 வருடம் தாண்டிவிட்டது. பழையதையெல்லாம் மொத்தமாக மாற்றுவது சரியா?

பதில் – திருவொற்றியூர்
தம்பி, நான் ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் 22 வருடம் மெக்கானிக். மொத்தமாக வேண்டாம், வண்டிக்கு வண்டி பார்க்க வேண்டும். ஜிப்ஸி ஜீப் எடை குறைவு. சேற்றில் மாட்டினால் நாலைந்து பேர் சேர்ந்து தள்ளியே வெளியே எடுத்துவிடுவோம். ஆனால் எந்த வண்டியானாலும் உதிரிபாகம் வராவிட்டால் கதை முடிந்தது. ஒரு பனிக்காலத்தில் நின்றுபோன இரண்டு லாரிகளைப் பிரித்து மூன்றாவதை ஓட வைத்தோம். கை விறைத்து ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. காயம்பட்ட ஒரு பையனைக் கீழே இறக்க அன்று அந்த ஒரு லாரிதான் இருந்தது. இப்போதும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பாகம் கிடைக்காததை உடனே மாற்றுங்கள். கிடைப்பதை ஓவர்ஹால் செய்து ஓட்டுங்கள்.

பதில் – ராயபுரம்
அண்ணன் சொல்வது சரி. டி-72க்கு 780 குதிரைசக்திக்குப் பதிலாக 1000 குதிரைசக்தி எஞ்சின் வாங்க 2025 மார்ச்சில் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டார்கள், 24.8 கோடி டாலருக்கு. தொழில்நுட்பம் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கு வருகிறது. ஆனால் எஞ்சின் மாறினாலும் கவசம் பழையதுதானே? உள்ளே உட்காரும் மூன்று பேரை நினைத்தால், புது டாங்கியும் தேவை என்பேன்.

தண்டையார்பேட்டை
நன்றி ஐயா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பையன் பிழைத்தானா என்று கேட்கிறார்.

திருவொற்றியூர்
பிழைத்தான் தம்பி. அப்பாவிடம் சொல்லுங்கள்.