கிரிப் கோக் முகடு ஏறினவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. அடுத்த மாசம் நாலு பேர் வேல்ஸ்ல ஸ்னோடன் ஹார்ஸ்ஷூ (குதிரை லாட வடிவ மலைச் சுற்று) போறோம். பென்-அ-பாஸ்ல தொடங்கி கிரிப் கோக் (923 மீ), கார்னெத் இகைன் (1065 மீ), ஸ்னோடன் (1085 மீ), லிவெத் (898 மீ) சுத்தி அங்கேயே இறங்கணும்.

சிக்கல் ஒரு நண்பன்தான். போன வருஷம் வேறொரு மலையில, ஈரப் பாறையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு பத்து நிமிஷம் அசையவே இல்ல. வாய் மட்டும் "நான் ஓகேடா"ன்னுது! கிரிப் கோக்கோ கத்தி முனை மாதிரி, ரெண்டு பக்கமும் பள்ளம். பாதியில திரும்புறதும் லேசில்லையாம்.

அவனை பிக் பாதையில (அதே இடத்துல தொடங்கி, கிரிப் கோக்கைத் தொடாம ஸ்னோடனுக்குப் போற சுலபமான வழி) அனுப்பிட்டு, அது முகட்டைத் தொடுற இடத்துல சேர்ந்துக்கலாமா? நாங்க எவ்வளவு நேரம் பின்னாடி வருவோம்? காத்து பலமா இருந்தா கிரிப் கோக்கை விட்டுடுவோம், அதுல பேச்சே இல்ல. லிவெத் இறக்கம் முட்டியைப் பதம் பார்க்குமா? போனவங்க சொல்லுங்க.