பிரசங்க பீடத்தின் படிகள்: திருச்சபைப் பொறுப்புகளில் பெண்கள்

பொருநைக்கரையாள்:

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில், பெண்கள் ஞாயிறு ஆசரிக்கப்பட்டது. ஆராதனையை நடத்தியவர்கள், வேதபாடம் வாசித்தவர்கள், காணிக்கை எடுத்தவர்கள் எல்லாருமே பெண்கள். செய்தி கொடுப்பதற்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்துவரும் ஓர் ஆசிரியையை அழைத்திருந்தார்கள். அவர் கையில் நோட்டுடன் பிரசங்க பீடத்தின் முதற்படியில் கால் வைத்தபோது கமிட்டி உறுப்பினர் ஒருவர் எழுந்து வந்து, "அம்மா, கீழே வேதம் வாசிக்கிற இடத்திலேயே நின்று பேசிவிடுங்களேன்" என்று தணிந்த குரலில் சொன்னார். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் இறங்கினார். மார்த்தாளைப் பற்றித்தான் பேசினார். சகோதரனை இழந்த துக்கத்தின் நடுவிலும் "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கையிட்டவள் அவள் என்றும், பேதுருவின் அறிக்கையை நினைவில் வைத்திருக்கிற நாம் மார்த்தாளைச் சமையலறையோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம் என்றும் அவர் சொன்னபோது கோயில் முழுவதும் அமைதியாக இருந்தது.

இது நடந்தது நெல்லைச் சீமையில் என்பதுதான் என்னை வருத்துகிறது. இங்கே சபையின் தொடக்கமே ஒரு பெண்ணிடம் இருக்கிறது. 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமண விதவை பாளையங்கோட்டையில் கட்டுவித்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றால் இன்றைக்கும் ஊரார் வழி சொல்வார்கள். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள், முதற்பெயர் அவருடையது. ஜெபிக்கவும், வீடு சந்திக்கவும், பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் பெண்களை அழைக்கிற நாம், அந்த ஊழியத்தில் அவர்கள் முதிர்ந்து நிற்கும்போது எந்த அடிப்படையில் படியிலிருந்து இறக்குகிறோம்? வேதத்தின்படி பதில் தேடவே இதை எழுதுகிறேன்.

திருவசன வழி:

சகோதரி, அந்த அம்மாவை அந்த நேரத்தில் அப்படி இறக்கியது தவறு. மறுப்பு இருந்திருந்தால் அழைப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் கேள்விக்குப் பவுல் பதில் எழுதியிருக்கிறார் என்றே நான் நம்புகிறேன். "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை" என்கிறது 1 தீமோத்தேயு 2:12. இது அந்தக் காலத்து ஊர் வழக்கம் என்று பலர் விளக்குகிறார்கள். அடுத்த வசனத்தில் பவுல் காட்டும் காரணமோ ஊர் வழக்கம் அல்ல, ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான் என்ற சிருஷ்டிப்பின் ஒழுங்கு. மூன்றாம் அதிகாரத்தில் சபையை மேற்பார்வையிடும் கண்காணியின் தகுதிகளைச் சொல்லும்போதும் "ஒரே மனைவியை உடைய புருஷன்" என்றுதான் எழுதுகிறார்.

குளோரிந்தா அம்மையாரை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் செய்ததை முழுமையாகப் பாருங்கள். சபை வளர்ந்தபோது அவர் தாமே போதகராக நிற்கவில்லை, தஞ்சாவூருக்குச் சென்று உபதேசியார் வேண்டும் என்று கேட்டார். பிற்பாடு உபதேசியார் சத்தியநாதன் அனுப்பப்பட்டார். கட்டுவதும் தாங்குவதும் கொடுப்பதும் ஒரு வரம், மேய்ப்பது வேறு பொறுப்பு என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நான் வாசிக்கிறேன். என் தாயார் எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர், எங்கள் சபைக் கூடுகையில், அதை நடத்துகிற மூப்பர்களில் அவரைவிட ஆவிக்குரிய முதிர்ச்சி உள்ள ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆகவே பெண்ணுக்கு ஆவிக்குரிய தகுதி குறைவு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கேள்வி தகுதியைப் பற்றியதன்று, தேவன் வைத்த ஒழுங்கைப் பற்றியது.

பொருநைக்கரையாள்:

சகோதரர் அவர்களே, குளோரிந்தா உபதேசியாரைக் கேட்டது உண்மைதான். ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கக் குருப்பட்டம் பெற்ற ஒருவர் தேவை, அந்நாளில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டத்தை யார் கொடுத்திருப்பார்கள்? அடைத்திருந்த கதவின் வழியே அவர் நுழையவில்லை என்பதை, நுழைய அவர் விரும்பவில்லை என்பதற்குச் சாட்சியாக எடுக்க முடியாது.

வசனத்துக்கு வருகிறேன். தீமோத்தேயு எபேசுவில் இருக்கும்போதுதான் பவுல் அந்த நிருபத்தை எழுதுகிறார், வேற்றுமையான உபதேசங்களைப் போதிப்பவர்களைத் தடுக்கவே அவரை அங்கே நிறுத்தியதாக முதல் அதிகாரத்திலேயே சொல்கிறார். அதே எபேசுவில்தான் பிரிஸ்கில்லாள், வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவைத் தன் கணவன் ஆக்கில்லாவோடு சேர்த்துக்கொண்டு, "தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் அவனுக்கு விவரித்துக்" காட்டினாள். ஒரு பெண் ஆணுக்கு உபதேசிப்பது சிருஷ்டிப்பின் ஒழுங்குக்கே விரோதம் என்றால், அதே பட்டணத்தில் நடந்த இதை லூக்கா ஒரு சொல் கண்டிப்பும் இல்லாமல் எழுதியிருப்பாரா? அப்பொல்லோ பிற்பாடு கொரிந்து சபைக்கு நீர்ப்பாய்ச்சியவர். அவருடைய பிரசங்கத்தில் அவளுடைய போதனையும் கலந்தே இருந்தது.

திருவசன வழி:

அது வீட்டில், கணவனோடு சேர்ந்து, தனியாக நடந்தது. சபை கூடுகையில் அல்ல.

பொருநைக்கரையாள்:

அந்த வீட்டிலேதான் சபையும் கூடியது. எபேசுவிலிருந்து எழுதிய 1 கொரிந்தியர் 16:19இல் "தங்கள் வீட்டிலே கூடுகிற சபையோடுங்கூட" அந்த இருவரும் வாழ்த்துச் சொல்கிறார்கள். வீடு வேறு, சபை வேறு என்ற நம்முடைய பிரிவை முதல் நூற்றாண்டின்மேல் ஏற்றிவைக்கலாகாது.

ஐக்கிய சங்கத்து அக்காள்:

இருபது ஆண்டுகளாகப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிறேன். பிரசங்க பீடத்தில் பெண் ஏறுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் குருப்பட்டம், கமிட்டி, பெருமன்றம் என்று பதவியை நோக்கிப் பேச்சு நகரும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. தேர்தல் என்று வந்துவிட்டால் நம் சபைகளில் என்ன நடக்கிறது என்பதை எல்லாரும் கண்ணாரக் காண்கிறோம்: அணி சேருவது, விருந்து வைப்பது, கடைசியில் நீதிமன்றப் படியேறுவது. ஆண்களைக் கெடுத்த அந்தக் களத்துக்குள் பெண்களையும் இழுத்துவிட்டு அதை வளர்ச்சி என்று சொல்வதா?

டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து, அதற்குப்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், 1951இல் மரிக்கும்வரை, பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். எழுதியும் ஜெபித்தும் அந்த அறையிலிருந்தே அத்தனை பிள்ளைகளையும் தாங்கினார். அவரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்ற பொன்னம்மாள் ஓர் இளம் விதவை. இவர்களில் யாருக்கும் குருப்பட்டம் இல்லை. எங்கள் சங்கத்துப் பெண்கள் பலருக்கு இன்றைக்கும் வீட்டில் அரை மணி நேரம் வேதம் வாசிக்க இடமும் நேரமும் கிடையாது. பட்டத்துக்கு முன் அந்த அரை மணி நேரத்துக்கு வழி செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுதல்.

வேதாகமப் பெண்ணின் பேரன்:

அக்கா அவர்கள் சொன்ன அரை மணி நேரத்தை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் பதவியில்லாத ஊழியம் எப்படி முடிகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தவன் நான். என் பாட்டி மிஷன் காலத்து வேதாகமப் பெண். ஆண் ஊழியர் நுழைய முடியாத வீடுகளுக்குள் சென்று பெண்களுக்கு எழுத்தும் வசனமும் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அவருடைய கோடு போட்ட நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, தெரு, வீட்டுக்காரியின் பெயர், கற்ற வசனம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியவளுடைய பெயருக்கு எதிரே ஒரு சிறிய சிலுவைக் குறி. அவர் ஆயத்தப்படுத்திய பெண்கள் ஞானஸ்நானம் பெற்ற நாளில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததாக என் அம்மா சொல்வார். அதே ஊரில் சபை ஊழியராக இருந்த ஆணைவிடச் சம்பளம் குறைவு. எந்தப் பெண்ணுக்கு எப்போது ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று முடிவுசெய்த கூட்டத்துக்கு அவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை, ஆனால் அந்தப் பெண்களின் உள்ளத்தை அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

இரட்சணிய சேனை 1882இல் இந்தியாவுக்கு வந்தது. பெண் அதிகாரிகள் ஆண்களோடு சமமாகப் பிரசங்கிப்பதும் சபையை நடத்துவதும் அங்கே தொடக்கத்திலிருந்தே உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய காட்சியே அன்று.

திருவசன வழி:

சேனையில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஆசரிக்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அங்குள்ள அதிகாரியை மூப்பரோடு அப்படியே ஒப்பிட முடியாது. பாட்டியின் நோட்டைப் பற்றி வாசித்தபின் சற்று நேரம் என்னால் பதில் எழுத முடியவில்லை. அவரை அந்தக் கூட்டத்துக்கு அழைக்காதது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். மூப்பர்கள் ஆண்களாக இருக்க வேண்டும் என்று நம்புகிற என்னைப் போன்றவர்கள், அறிந்தவளிடம் ஆலோசனை கேட்காமல் இருப்பதற்கு அந்த வசனத்தை மறைவாக வைத்திருக்கிறோம். வசனம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பொருநைக்கரையாள்:

இவ்வளவு தூரம் வந்தீர்களே, நன்றி. இன்னும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். ரோமர் 16:1இல் பெபேயாளைக் "கெங்கிரேயா ஊர் சபைக்கு ஊழியக்காரி" என்கிறது நம் வேதாகமம். "பவுல் யார்? அப்பொல்லோ யார்?" என்று கேட்டுப் பவுல் தம்மையே "ஊழியக்காரர்" என்று சொல்லும்போது கிரேக்கத்தில் இருப்பதும் அதே சொல்தான். பிலிப்பியர் முதல் வசனத்தில் கண்காணிகளோடு சேர்த்து வாழ்த்தப்படுகிறவர்களுக்கும் அதே சொல், அங்கே நம்மவர்கள் "உதவிக்காரர்" என்று மொழிபெயர்த்தார்கள். ஆணுக்கு வரும்போது ஒரு பொறுப்பாகக் கேட்கும் சொல், பெபேயாளுக்கு வரும்போது ஆலயம் பெருக்குகிற வேலையாக நம் காதில் விழுகிறது என்றால், அந்தப் பிழை வசனத்தில் இல்லை.

ஐக்கிய சங்கத்து அக்காவுக்கு: தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கப்படுகிறது, 2013இல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்ப லலிதா அம்மையார் முதல் பெண் பேராயரானார். சட்டத்தில் கதவு திறந்தே இருக்கிறது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஐயரம்மா என்றால் இன்றும் ஐயருடைய, அதாவது போதகருடைய, மனைவி என்றுதான் பொருள். ஒரு பெண்ணே ஐயராக வந்தால் அவரை எப்படி அழைப்பது என்று ஊரில் உண்மையாகவே தடுமாறுகிறார்கள். தேர்தல் களத்தின் அழுக்கைப் பற்றி நீங்கள் சொன்னது முழுவதும் சரி. ஆனால் களம் அழுக்கானது என்பதற்காக ஆண்களை யாரும் விலகச் சொல்லவில்லையே.

ஐக்கிய சங்கத்து அக்காள்:

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை, இரண்டு நாள் யோசித்தேன். பயத்தை நான் இன்னும் விடவில்லை. ஆனால் வருகிற கூட்டத்தில் எங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பெயர்களைச் சேகரக் கமிட்டிக்குக் கொடுக்கலாம் என்று சொல்லப்போகிறேன். அவர்கள் இருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் வேதத்தை முறையாகக் கற்றுக்கொடுக்க யாரையாவது ஏற்படுத்த வேண்டும் என்பதும் என் நிபந்தனை.

திருவசன வழி:

மூப்பர் பொறுப்பைப் பற்றி என் நம்பிக்கை மாறவில்லை, பெபேயாளைப் பற்றி இன்னும் படிக்க வேண்டும். அக்கா கேட்ட அந்த வேதபாடத்துக்கு ஆள் தேவைப்பட்டால், எங்கள் கூடுகையில் நாற்பது ஆண்டுகளாக வேதம் வாசித்துவருகிற என் தாயாரைக் கேட்டுப் பார்க்கிறேன். அந்த இரண்டு பெண்களோடு கமிட்டி உறுப்பினர்களும் உட்கார்ந்து கேட்க விரும்பினால், அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நானும் மறுக்கமாட்டேன்.