ஜவுளிக்கடை யூனிஃபார்ம்: கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று தேவையா?

மாசிவீதி
மதுரையில் மூன்று மாடி ஜவுளிக்கடை. அப்பா ஆரம்பித்தது, இரண்டு வருடமாக நான் பார்க்கிறேன். ஆண்கள் 22, பெண்கள் 31. ஆண்களுக்கு வெளிர் நீலச் சட்டை, கருநீல பேன்ட். பெண்களுக்குக் கருநீல சிந்தெடிக் சேலை. எட்டு வருடமாக இதேதான். போன வாரம் வந்த ஒரு பெரியவர் எங்கள் வாசல் பையனைப் பார்த்து, "தம்பி, நீ எந்த பேங்க் செக்யூரிட்டி?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் திட்டம்: பங்குனி முதல் ஆனி வரை ஆண்களுக்கு இளம்பச்சை லினன் மாதிரிச் சட்டை, பெண்களுக்கு அதே நிறத்தில் மெல்லிய சேலை. ஐப்பசி, கார்த்திகைக்கு அடர்நிறம். தீபாவளி மாதம் மட்டும் தரைத்தளத்தில் நிற்கிற எட்டுப் பையன்களுக்கு பிளேசர், பெண்களுக்கு சாஃப்ட் சில்க். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
தம்பி, ஒரு நிமிஷம் கால்குலேட்டரை எடுங்கள். 53 பேர், இரண்டு பருவம், பருவத்துக்கு இரண்டு செட். 212 செட் ஆச்சு. தீபாவளி ஸ்பெஷல் இதில் சேராது. போனஸ் வாங்கிய கையோடு எத்தனை பேர் நின்றுவிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். புதிதாக வருகிற பையனுக்குப் பழையவன் சட்டை தோளில் நிற்காது.

அப்புறம் பிளேசர். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 18. ஓரளவு நல்ல பிளேசர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். வருடத்தில் ஒரு மாதம் போட்டுவிட்டு பதினோரு மாதம் குடோனில் பாச்சா உருண்டையோடு தொங்கவிட இவ்வளவு செலவா? நல்ல சிந்தெடிக் ஒரே செட் எடுங்கள். சுருங்காது, சாயம் போகாது, இஸ்திரி வேண்டாம். சேலை வாங்க வருகிறவர்கள் சேலையைத்தான் பார்ப்பார்கள், எடுத்துப் போடுகிறவரின் உடுப்பை இல்லை.

மூன்றாம்மாடி
ஏழு வருடம் ஒரு கடையில் சேலைப் பிரிவில் நின்றவள் நான். ஊரும் பெயரும் வேண்டாம். எங்களுக்கும் சிந்தெடிக் சேலைதான். நாள் முழுக்கக் கொசுவம் வழுக்கும். அதற்குப் பதினோரு ஊக்கு குத்துவேன், எண்ணிச் சொல்கிறேன். ஸ்டூலில் ஏறி மேல் தட்டில் இருந்து கட்டு எடுக்கும்போது ஒரு கை கட்டைப் பிடிக்கும், ஒரு கை கொசுவத்தைப் பிடிக்கும். விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. ஒருமுறை விழுந்தேன். கால் சுளுக்கு. "பார்த்து ஏறக் கூடாதா?" என்றார்கள்.

இஸ்திரி வேண்டாம் என்பதுதான் உங்கள் கவலை. வேர்வை நாற்றம் துணியை விட்டுப் போகாமல், சாயங்காலம் வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கவே கூச்சப்படுவோமே, அது எந்தக் கணக்கில் வரும்?

நிறம் எதுவாகவும் இருக்கட்டும். சுடிதார் கொடுங்கள். பாக்கெட் வையுங்கள்.

மாசிவீதி
அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் சேலைக் கடையில் சேலை கட்டியவர் விற்றால்தான் எடுபடும். முந்தானை எப்படி விழும் என்பதை அவர்கள் தோளில் போட்டுத்தான் காட்டுகிறார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற வயதானவர்களுக்கு சுடிதார் பிடிக்காது. இது ஸ்டைல் விஷயம் மட்டுமில்லை, வியாபாரம்.

மூன்றாம்மாடி
சுடிதாரின் தோளிலும் முந்தானை விழும், தம்பி. 2019-ல் அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு போட்ட உடை ஆணையிலேயே சேலையோடு துப்பட்டா போட்ட சுடிதாரும் இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்குச் சரி, உங்கள் இரண்டாவது மாடிக்கு ஆகாதா?

இன்னொன்றும் கேட்கிறேன். 2021-ல் கடைச் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை போடச் சொன்னார்களே, உங்கள் கடையில் போட்டாயிற்றா? உட்கார்ந்து எழுந்தால் கசங்குகிற துணியை யூனிஃபார்மாகக் கொடுத்தால், ஸ்டூல் இருந்தாலும் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள். சூப்பர்வைசர் கசங்கலைப் பார்த்துத் திட்டுவார். உங்கள் லினன் யோசனையை அங்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

திருப்பூர்_கட்டிங்
அக்கா லினனைப் பற்றிச் சொன்னது உண்மைங்க. பதினோரு மணிக்கே துவைத்துப் பிழிந்த மாதிரி ஆகிவிடும்.

துணி விஷயத்தில் இரண்டு பக்கமும் பாதிதான் சரி. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. சித்திரையில் பருத்தி சுகமாக இருப்பதும், சிந்தெடிக் முதுகில் ஒட்டுவதும் அதனால்தான். ஆனால் ஐப்பசி அடைமழையில் அதே குணம் எதிரியாகிவிடும், நனைந்த பருத்தி காயவே காயாது. அப்போது பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த பி.சி. துணிதான் கை கொடுக்கும்.

அதனால் பருவத்துக்கு ஒன்று என்பது நல்ல யோசனைதான். நீங்கள் நிறத்தை மாற்றப் பார்க்கிறீர்கள், மாற்ற வேண்டியது துணியை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பருத்திக்கு ஒரு வகைச் சாயம், பாலியெஸ்டருக்கு வேறு வகை. இரண்டிலும் ஒரே பச்சை கேட்டால், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிவது தெரு வெயிலில் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். முழு உடுப்பையும் பொருத்தப் பார்க்காமல் காலரிலும் கைமடிப்பிலும் மட்டும் உங்கள் கடை நிறத்தில் ஒரு பட்டி வையுங்கள். உடம்புத் துணி லேசாக மாறினாலும் பட்டி ஒன்றாகக் காட்டிவிடும்.

முக்கியமாக, முதல் ஆர்டரிலேயே அதே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதில், பத்து சதவீதம் துணி கூடுதலாக வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நாலு சட்டைக்குத் துணி கேட்டால் அந்த ஷேடு வராது. அரைக்கைச் சட்டைக்கு 58 இன்ச் அகலத்தில் சுமார் ஒன்றரை மீட்டர் ஆகும். உங்கள் கடையிலேயே தையல்காரர் இருப்பார். புதிய பையன் வந்தால் அவன் அளவுக்குத் தைத்துக் கொடுங்கள், கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன தோள் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

கணக்குப்பிள்ளை
தீர்ந்தது துணியை விற்கிறவருக்கு! பருத்திக்கு இஸ்திரி யார் கொடுப்பார்கள்? சட்டைக்குப் பத்து ரூபாய் என்றாலும் மாதம் 26 நாளைக்கு 260. முதலாளி தருவாரா? தர மாட்டார். அந்தப் பிள்ளைகள் சம்பளத்தில் இருந்துதான் போகும். இதை யாரும் பேசவில்லை.

மூன்றாம்மாடி
இதில் கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்வது ரொம்பச் சரி. நாங்களும் கொடுத்தோம்.

டோக்கியோத்தமிழன்
இங்கே ஜப்பானில் ஜூன் 1-ம் தேதி கோடைச் சீருடை, அக்டோபர் 1-ம் தேதி குளிர்காலச் சீருடை என்று மாற்றுகிற வழக்கம் பள்ளி, அலுவலகம் எல்லாவற்றிலும் உண்டு. பழைய பழக்கம். 2005-ல் அரசாங்கம் 'கூல் பிஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கோடையில் கோட், டை இரண்டும் வேண்டாம், ஏசியை 28 டிகிரியில் வையுங்கள் என்றார்கள். மாசிவீதி நண்பர் பிளேசரை விட்டுவிட்டு இதை யோசிக்கலாம். காலர் வைத்த நல்ல டி-ஷர்ட்டே போதும், இளமையாகவும் இருக்கும்.

மாசிவீதி
28 டிகிரியா? மூன்று பட்டுச் சேலை பார்ப்பதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். நாங்கள் 22-ல் வைக்கிறோம். எங்கள் பையன்களே குளிர்கிறது என்கிறார்கள், அதனால்தான் பிளேசர் யோசனையே வந்தது.

மூன்றாம்மாடி
இதைத்தான் சொல்ல வந்தேன், தம்பியே சொல்லிவிட்டீர்கள். வெளியே சித்திரையா ஐப்பசியா என்பது எங்களுக்குப் பஸ் ஸ்டாப்போடு முடிந்துவிடும். உள்ளே ஒவ்வொரு மாடியிலும் ஒரு பருவம். பட்டுப் பிரிவில் ஏசிக்கு நேர் கீழே மார்கழி. குடோனில், காற்றே போகாத இடத்தில், அக்னி நட்சத்திரம். மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே மத்தியானச் சாப்பாடு, அங்கே இன்னொன்று. ஒரே ஆள் ஒரே நாளில் மூன்றிலும் போய் வருவார். நான் மேலே சாப்பிட்டு வேர்த்துக்கொண்டு இறங்கி வந்து, அந்த ஈர ரவிக்கையோடு ஏசியில் நிற்பேன். வருடம் முழுக்க மூக்கு ஒழுகும்.

மழைக்காலத்தில் விடுதிக் கதை வேறு. பதினான்கு பேருக்கு ஒரு கொடி. இரண்டு செட் என்றால் நேற்று துவைத்தது இன்றைக்குக் காயாது. ஈரத்தோடே கட்டிக்கொண்டு வருவோம். நிறத்தை விடுங்கள், மழைக்கு மூன்றாவது செட் கொடுங்கள்.

குளிர்கிறது என்று தரைத்தளத்துப் பையன்கள் மட்டும்தான் சொல்வார்களா? அவர்கள் உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், அதனால் காதில் விழுந்தது.

திருப்பூர்_கட்டிங்
அப்படியென்றால் மாடி மாடியாகப் பிரித்துவிடலாமுங்க. குடோனுக்கும் டெலிவரி கவுண்ட்டருக்கும் 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பருத்தி டி-ஷர்ட். பெண்களுக்குப் பருத்தி குர்தா, முட்டிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பக்கமும் பாக்கெட். ஏசிக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு மட்டும் மேலே போட்டுக் கழற்றுகிற மாதிரி கையில்லாத கோட்டு. சாப்பிடப் போகும்போது கழற்றி வைத்துவிடலாம். எட்டு பிளேசர் காசில் எல்லோருக்கும் கோட்டு வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை
மாடிக்கு ஒரு உடுப்பு என்றால் குடோன் பையனைப் பட்டுப் பிரிவுக்கு மாற்றுகிற அன்றைக்கு என்ன செய்வீர்கள்? ஆள் வராத நாளில் அங்கே இங்கே மாற்றித்தானே கடை ஓடுகிறது. அதோடு மேல்மாடிக்காரனுக்குக் கோட்டு, கீழே உள்ளவனுக்கு பனியன் என்றால் பிள்ளைகளுக்குள்ளேயே மேல் கீழ் வந்துவிடும். ஒரே உடுப்பு என்பது அதைத் தடுக்கத்தான். பள்ளிக்கூடத்தில் போட்டதும் அதற்குத்தானே.

டோக்கியோத்தமிழன்
இது நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம்மாடி
அண்ணே, மேல் கீழ் ஏற்கெனவே இருக்கிறது. பிளேசர் எட்டுப் பேருக்குத்தான் என்றபோது நீங்கள் செலவை மட்டும்தான் கேட்டீர்கள்.

ஆனால் ஆள் மாற்றுகிற விஷயம் உண்மை. அதற்காகத்தான் எல்லோருக்கும் ஒரே குர்தாவும் சட்டையும் கொடுங்கள் என்கிறேன். கோட்டு ஆளுக்கு இல்லை, இடத்துக்கு. பட்டுப் பிரிவில் பத்துக் கோட்டு தொங்கட்டும், அன்றைக்கு யார் நிற்கிறாரோ அவர் போடட்டும்.

கணக்குப்பிள்ளை
அடுத்தவர் வேர்வைக் கோட்டை யாரம்மா போடுவார்கள்?

மூன்றாம்மாடி
அதுவும் சரிதான். அப்படியானால் ஆளுக்கு ஒன்று, பெயர் தைத்து.

மாசிவீதி
எல்லாவற்றையும் படித்தேன். நேற்று மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டும் பார்த்தேன். கால் மணி நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. கொட்டகைக்கு மேலே தென்னங்கீற்று போடச் சொல்லியிருக்கிறேன். ஏசியை 24 ஆக்கினேன், இதுவரை யாரும் எழுந்து போகவில்லை.

பிளேசர் வேண்டாம். இஸ்திரிக்கு மாதம் 200 தருவதாகச் சொன்னேன், அப்பா இன்னும் பேசவில்லை. சேலையை முழுக்க விட எனக்கு மனசு வரவில்லை, அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. பட்டுப் பிரிவில் விருப்பப்பட்டவர்களுக்குப் பருத்திச் சேலை, மற்றவர்களுக்கு குர்தா. முதலில் ஆறு பேருக்குத் தைத்து ஒரு மாதம் பார்க்கப் போகிறேன். திருப்பூர் அண்ணே, பட்டிக்கு என்ன நிறம் எடுக்கலாம்?

திருப்பூர்_கட்டிங்
உங்கள் கட்டைப்பை என்ன நிறமோ அதே நிறமுங்க. ஒரு பையை கூரியரில் அனுப்புங்கள். போட்டோ அனுப்பாதீர்கள், போனில் பச்சை நீலமாகத் தெரியும்.

மூன்றாம்மாடி
"விருப்பப்பட்டவர்களுக்கு" என்பதை சூப்பர்வைசரை வைத்துக் கேட்காதீர்கள், தம்பி. ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து எழுதி வாங்குங்கள்.