வலி மாத்திரையை விட முடியாத அண்ணன்: இதை அடிமையாதல் என்று கொள்ளலாமா?

கேள்வி:
முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் என் அண்ணனுக்கு மருத்துவர் டிரமடால் எழுதிக் கொடுத்தார். புண் ஆறிப் பல மாதங்கள் ஆகியும் அவர் அதை நிறுத்தவில்லை. ஒரு வேளை தவறினாலும் கொட்டாவி, மூக்கொழுகல், உடல்வலி என்று இரவெல்லாம் உறங்காமல் தவிக்கிறார். அண்மையில் குறித்த நாளுக்கு முன்பே மாத்திரைகள் தீர்ந்துபோகின்றன, கேட்டால் கோபப்படுகிறார். அவற்றை ஒளித்துவைத்து ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து ஒளித்துவைக்க வேண்டாம். டிரமடால் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தது, அதாவது அபினைப் போலச் செயல்படும் வலி மருந்து. அவ்வகை மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொள்ளும் எவருடைய உடலும் அதற்குப் பழகிவிடும்; திடீரென்று நிறுத்தினால் நீங்கள் சொன்ன விலகல் அறிகுறிகள் வரத்தான் செய்யும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வகுத்த வரையறையில் 11 அளவுகோல்கள் உள்ளன. 12 மாதங்களுக்குள் அவற்றுள் இரண்டேனும் காணப்பட்டால்தான் அது ஓபியாய்டு பயன்பாட்டுக் கோளாறு எனப்படும். மருத்துவர் சொன்னபடியே உட்கொள்பவரிடம் காணும் விலகல் அறிகுறிகளை அக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே, எண்ணியதைவிடக் கூடுதலாக உட்கொள்கிறாரா, குறைக்க முயன்றும் முடியவில்லையா, வேலையும் உறவும் கெடுவது தெரிந்தும் தொடர்கிறாரா என்று கவனியுங்கள். மாத்திரை முன்கூட்டியே தீர்வது எனக்குக் கவலை தருகிறது. எனினும் வலி சரிவர அடங்காதவர்களும் இவ்வாறு செய்வதுண்டு என்பதால், முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. வெறும் உடற்பழக்கம் என்றால் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம்.

மறுமொழி 2:
கோளாறு உறுதியானாலும் நல்ல சிகிச்சை இருக்கிறது. மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் இரண்டும் 2005 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளன. பியூப்ரனார்ஃபின், மூளையில் ஓபியாய்டு பற்றிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளைப் பகுதியளவே தூண்டுவதால் ஏக்கம் தணிகிறது. மூச்சை ஒடுக்கும் விளைவோ ஓர் எல்லைக்கு மேல் பெருகுவதில்லை. விலகல் அறிகுறிகள் தெரியத் தொடங்கிய பிறகே முதல் வேளையைத் தருவார்கள். முந்திக்கொண்டால் அவ்வறிகுறிகள் சட்டென்று கடுமையாகும். இதை ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதை என்று சொல்லிப் பாதியில் நிறுத்தவைக்கும் உறவினர்களை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது, ஏனெனில் இம்மருந்துகளைத் தொடர்வோரிடையே இறப்பு வெகுவாகக் குறைகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அண்ணன் சொல்கிறாரே?

மறுமொழி 1:
அந்த வாரம் கழிந்தபின்தான் ஆபத்து மிகுதி. உடலின் தாங்குதிறன் இறங்கிவிட்டிருக்கும். ஏக்கம் மீண்டெழும் நாளில் பழைய அளவையே விழுங்கினால், அதிலும் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால், மூச்சு நின்றுபோகக்கூடும். டிரமடால் அளவு மீறினால் வலிப்பும் வரலாம். கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, மூச்சு மந்தமாகி, உலுக்கியும் எழாவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்சோன் கிடைத்தால் கொடுக்கலாம். ஆனால் அதன் வலு 30 முதல் 90 நிமிடங்களில் குறைந்துவிடும் என்பதால், அவர் கண் விழித்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தவறாதீர்கள்.