மாமாவின் மைக் செட்டும் இன்றைய 240 வோல்ட்டும்

பெரம்பூரில் மாமா மைக் செட் வைத்திருந்தார். ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபையர் பாடாத தெரு இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு பரணில் கிடந்ததைப் போன மாதம் இறக்கினேன். உடனே பிளக்கைச் செருகக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, பின்பக்கம் பார்த்தேன். வீட்டு மின்சாரத்துக்கு ஏற்ப செட்டை அமைக்கும் வோல்டேஜ் திருகு 200-இல் நின்றிருந்தது.

மாமா தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார். அந்த நாளில் விளக்கு வைக்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். பந்தல் பல்பு அழுது வடியும். இன்று என் வீட்டு மீட்டர் காட்டுவது 240. இருபது சதவீதம் கூடுதல். 6.3 வோல்ட் கேட்கும் வால்வு இழைக்கு 7.56 போகும். உள்ளே 380 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 456 வரும். அங்கிருந்த, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சரில் தாங்கும் அளவாக அச்சிட்டிருந்ததோ 450.

திருகை 240-க்கு மாற்றினேன். கண்டென்சர்களுக்கு ரிச்சி தெருவில் புதியவை கிடைத்தன. பிறகு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, அதாவது செட்டுக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியே போகும்படி இணைத்து, சுவிட்சைத் தட்டினேன். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. மங்காமலே இருந்திருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம்.

* * *

பெரம்பூர்க்காரர் கொடுத்துவைத்தவர். என் ஆம்ப்ளிஃபையரில் 220-க்கு மேல் முனையே கிடையாது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் நள்ளிரவில் 248 வருகிறது. 24 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை, அதாவது 24 வோல்ட் தரும் சுருளை, வோல்டேஜைக் குறைக்க மெயினுக்கு எதிராகத் தொடரில் இணைத்தேன். அதாவது, எதிராக என்று நினைத்துக்கொண்டு. மீட்டரில் 274! ஆம்ப்ளிஃபையரை இன்னும் மாட்டவில்லை, பிழைத்தது. செகண்டரி வயர்களை இடம் மாற்றியதும் 222.

ஒன்று கவனியுங்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் நிற்கும். பொறுமையில்லாமல் கை வைத்து முழங்கை வரை வாங்கியிருக்கிறேன். இப்போது 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையை சேசிஸில் (செட்டின் உலோகச் சட்டத்தில்) கவ்வவிட்டு, மறு முனையைக் கண்டென்சரில் வைத்து, மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை காத்திருக்கிறேன். இடது கை சட்டைப் பையில்.

* * *

ரெசிஸ்டர் யோசனைக்கு நன்றி. மாமாவுடையது இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. மெயின் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட் என்பதால் மூன்று முள் வயர் போட்டு எர்த்தை சேசிஸில் இறுக்கிவிட்டேன். ஆடியில் வாசலில் வைக்கப் போகிறேன். இப்போதே அத்தை, "சத்தத்தைக் குறைத்து வை" என்கிறார்.