நீங்கள் யார், மழையா மண்ணா?

(குடும்பக் குழு, இரவு 9:05)

நான்: அத்தை, ஒரு சந்தேகம். ‘இருவர்’ படத்து ‘நறுமுகையே’ பாட்டைப் பாடிப் பழகுகிறேன். ‘அற்றைத் திங்கள் அந்நிலவில்’ என்று வருகிறதே, திங்களும் நிலவும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு தடவை?

சித்தப்பா: மெட்டுக்கு எழுத்து குறைந்திருக்கும்.

அத்தை: டேய், சும்மா இரு. இங்கே திங்கள் என்றால் மாதம் கண்ணு. அந்த மாதத்து அந்த நிலவு. வைரமுத்து 1997-இல் எழுதிய பாட்டு, ஆனால் அந்தச் சொல் புறநானூறு 112-இலிருந்து வந்தது. பாரி மகளிர் பாடியது.

நான்: அதுவும் காதல் பாட்டா?

அத்தை: இல்லை. அப்பா இறந்த பிறகு பாடியது. அந்த மாதம் இந்த நிலவு காய்ந்தபோது அப்பாவும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதமும் நிலவு காய்கிறது, குன்றை வேந்தர்கள் கொண்டுவிட்டார்கள், அப்பாவும் இல்லை. ஐந்தே வரி.

அக்கா: ஐயோ. இத்தனை நாள் சிரித்துக்கொண்டே முணுமுணுத்திருக்கிறேன்.

அத்தை: சினிமாவில் அது காதல் நிலவுதான், தப்பில்லை. எனக்கு நிலவைவிடப் பெரிதாகப் படுவது வேறு இடம். இருந்ததைச் சொல்லும்போது முதலில் அப்பா, அப்புறம் குன்று. இழந்ததைச் சொல்லும்போது குன்றை முதலில் சொல்லிவிட்டு அப்பாவைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை பாவம்.

நான்: அதே பாட்டில் செம்புலம் சேர்ந்த நீர்த்துளி வருகிறதே, அதுவும் அழுகையா?

அத்தை: அது குறுந்தொகை 40. காதலேதான். செம்மண்ணில் பெய்த மழைநீர்போல் நெஞ்சங்கள் கலந்தன என்கிறான். எழுதியவர் பெயர் தெரியாமல் உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள், செம்புலப்பெயல்நீரார் என்று.

சித்தப்பா: அக்கா, ஒரு ஆட்சேபணை. செம்மண் தண்ணீரை டம்ளரில் பிடித்து ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் மண் அடியில், தண்ணீர் மேலே. இதுவா கலந்தது?

மாமா: எங்கள் வீட்டில் இருபது வருஷமாக உன் அக்கா குலுக்கிக்கொண்டே இருக்கிறாள். தெளிய விட்டால்தானே.

அக்கா: மாமா!!

அத்தை: உங்களிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

(9:31)

அத்தை: தம்பி, நீ விளையாட்டாகக் கேட்டாலும் கேள்வி சரியானது. யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்று பார். சேர்ந்த பிறகு, இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று அவள் முகம் மாறுகிறது. அதைக் கண்டு அவன் சொன்னது என்றுதான் பாட்டின் பழைய கூற்றுக் குறிப்பு இருக்கிறது. நீ சொன்ன டம்ளர்தான் அவளுடைய பயம்.

நான்: அப்படியென்றால் அவன் சந்தோஷத்தில் சொல்லவில்லையா?

அத்தை: சமாதானம் சொல்கிறான். என் தாயும் உன் தாயும் யார் யாரோ என்று ஆரம்பிக்கிறானே, அது சும்மா இல்லை. என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நாம் இருவரும் எப்படி அறிந்தோம் என்று அடுக்குகிறான். அவள் வாய்விட்டுச் சொல்லாத பயத்தையெல்லாம் இவனே எடுத்து வெளியில் போடுகிறான். அதற்குப் பிறகுதான் மழை.

சித்தப்பா: அப்போது தேங்கிய தண்ணீரைச் சொல்லாமல் பெயல்நீரைச் சொன்னதும் வேண்டுமென்றேதானோ? விழும் வேகத்தில் இருப்பதைத் தெளிய வைக்க முடியாது.

அத்தை: இவ்வளவு புத்தியை வைத்துக்கொண்டு எழுத்து குறைந்தது என்றாயே!

அக்கா: அது சரி, இதில் மழை யார், மண் யார்? நிறம் மாறுவது தண்ணீர் மட்டும்தானே.

அத்தை: பாட்டு சொல்லவில்லை. நான் பல நாள் அவளைத்தான் மழை என்று நினைத்தேன். இப்போது அவனாகவும் இருக்கலாம் என்று படுகிறது. வந்து விழுந்தவன் அவன்தானே.

மாமா: எங்கள் இருவரில் நான்தான் மண்.

அத்தை: நீங்கள் டம்ளர்.