"நான்தான் செய்தேன்" என்று கட்சிக்காரர் சொன்னால் வக்கீலின் மனசாட்சி என்ன ஆகும்?

தாள்நான்கு:
யுபிஎஸ்சி மெயின்ஸ் நாலாம் தாளுக்கு எத்திக்ஸ், மொராலிட்டி வித்தியாசம் படிக்கிறேன். எல்லா நோட்ஸிலும் "மொராலிட்டி தனிமனிதருடையது, எத்திக்ஸ் குழுவினுடையது" என்ற ஒரே வரிதான். படிக்கும்போது புரிகிறது, எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. இரண்டும் நேருக்கு நேர் முட்டுகிற உதாரணம் வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்ட கட்சிக்காரருக்காக வக்கீல் வாதாடுவதை எடுத்துக்கொள்ளலாமா?

கறுப்புக்கோட்டு:
தாராளமாக. உதாரணத்தைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை ரகசியமாகக் காக்கச் சொல்லும் பிரிவு அது: 1872 சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132.

கட்சிக்காரர் வந்து "போலி ஆவணம் தயாரித்தது நான்தான், எனக்காக வாதாடுங்கள்" என்கிறார். இதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது. வழக்கு முடிந்து, வக்காலத்து போன பிறகும் கூடாது. அதே ஆள் "இந்தப் போலிப் பத்திரத்தை வைத்துச் சொத்தை வாங்கிக் கொடுங்கள்" என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. முன்னது முடிந்துபோன குற்றம், பின்னது இனி நடக்க வேண்டிய குற்றம். மூன்றாவது உதாரணம் இன்னும் நுணுக்கமானது: பணக் கையாடல் வழக்கு. வக்கீல் வழக்கை எடுத்தபோது கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு பதிவு, நடுவில் புதிதாக முளைத்திருக்கிறது. அதை ரகசியம் என்று மறைக்க முடியாது.

வக்கீல்களின் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 15ஐயும் பாருங்கள். கட்சிக்காரர் குற்றவாளி என்று வக்கீலுக்கே தோன்றினாலும், அந்த எண்ணத்தை ஒதுக்கிவைத்து வாதாட வேண்டும். அதற்காகப் பொய்ச் சாட்சியை ஏற்பாடு செய்யலாம் என்று அர்த்தமில்லை. அரசுத் தரப்பின் சாட்சியத்தில் ஓட்டை தேடலாம், குறுக்கு விசாரணை செய்யலாம். அந்த நேரத்தில் ஊரில் இல்லை என்று, தெரிந்தே ஒரு பொய்க் கதையைக் கட்டக்கூடாது.

சொல்லாய்வு:
வேர்ச்சொல்லை வைத்து வித்தியாசம் எழுதிவிடாதீர்கள், பலர் விழும் குழி அது. எத்திக்ஸ் கிரேக்க வேர், மொராலிட்டி லத்தீன். கிரேக்கச் சொல்லுக்கு ஈடாகத்தான் ரோமானியப் பேச்சாளர் சிசரோ 'மொராலிஸ்' என்ற சொல்லையே உருவாக்கினார். பிறப்பில் இரண்டும் ஒரே பொருள்.

தத்துவத் துறையில் எத்திக்ஸ் என்றால் மொராலிட்டியை ஆராயும் படிப்பு, அதாவது அறவியல். 'மருத்துவ எத்திக்ஸ்' என்னும்போது தொழில் நெறி. எந்தப் பொருளில் எழுதுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் பொருள் மாறினால் மொத்தப் பதிலும் ஆடும்.

தாள்நான்கு:
அப்படியானால் தொழில் நெறி என்பது அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் கூடி முடிவு செய்வதுதானே?

கறுப்புக்கோட்டு:
அங்கேதான் நோட்ஸ் வரி உடைகிறது. கோவையில் போலீஸுக்கும் வக்கீல்களுக்கும் மோதல். அந்தப் போலீஸாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010இல் ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, தொழில் நெறிக்கே விரோதமானவை என்றது உச்ச நீதிமன்றம். குழுவே கூடிக் கைதூக்கிப் போட்ட தீர்மானம், அந்தக் குழுவின் நெறிக்கு எதிராகப் போயிற்று. சங்கத்தின் கோபம் சங்கத்தின் நெறி ஆகிவிடாது; அந்த வேலை எதற்காக இருக்கிறதோ அதிலிருந்துதான் நெறி வருகிறது.

சொல்லாய்வு:
ஆமாம், ஆனால் மனசாட்சிக்கு இடமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். விதி 11 வழக்கை ஏற்கச் சொல்கிறது. கூடவே சிறப்புச் சூழ்நிலைகளில் மறுக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைக்கிறது.

கறுப்புக்கோட்டு:
சரிதான். ஆனால் வழக்கை எடுத்தபின் நினைத்தபோது கழன்றுகொள்ள முடியாது. விதி 12: போதிய காரணம் வேண்டும், முன்கூட்டியே நியாயமான அறிவிப்புக் கொடுக்க வேண்டும், வேலை செய்யாத பகுதிக்கான ஃபீஸைத் திருப்ப வேண்டும். மீறினால் வழக்கறிஞர் சட்டம் 1961, பிரிவு 35இன் கீழ் புகார் போகும்: கண்டிப்பு, இடைநீக்கம், பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் வரை. மனசாட்சியை மீறினால் இப்படி ஒரு குழு விசாரிக்க வராது. அந்த வேறுபாட்டையும் ஒரு வரியில் சேருங்கள், 150 சொல்லுக்குள் அடங்கும்.